'பழகி வந்த நிலையில்'

நேயர்களுக்கு வணக்கம். மதுரை மாவட்ட நீதிமன்றத்தில் இருபது வருஷத்துக்கு மேலாகக் கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு அலைகிறவள் நான். ஒரே ஒரு சொல்லைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு பெண் என்னிடம் வந்தார். மல்லிகைத் தோட்டத்தில் பூப்பறிக்கிறவர். விடியுமுன் தோட்டத்தில் இறங்கினால்தான் மொட்டு விரியாமல் மாட்டுத்தாவணிக்குப் போய்ச் சேரும். அந்த இருட்டு நேரத்தில் நடந்த பாலியல் கொடுமை. புகார், தோட்டத்து முதலாளியின் மகன் மேல். ஊர்ப் பெயர் சொல்லமாட்டேன். பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டுவது குற்றம். பொள்ளாச்சி பாலியல் வழக்கில் போலீஸ் தரப்பிலேயே பெயர் வெளியானதற்காக 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது நம்ம ஒத்தக்கடை உயர் நீதிமன்றக் கிளை, 2019இல்.

எஃப்.ஐ.ஆர். நகலைப் படித்தேன். 'மேற்படி நபருடன் பழகி வந்த நிலையில்' என்று இருந்தது.

"இப்படிச் சொன்னியாம்மா?"

"இல்லக்கா. அவரைத் தெரியுமான்னு கேட்டாங்க. தெரியும்னேன். கைநாட்டு வையின்னாங்க, வச்சேன்."

எழுதிய ரைட்டருக்குக் கெட்ட எண்ணம் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. ஸ்டேஷனில் அது வாடிக்கையான வாசகம். ஆனால் குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் வேறு எதையும் தொடவில்லை. "எத்தனை வருஷப் பழக்கம்? யாருக்கெல்லாம் தெரியும்?" முக்கால் மணி நேரம். அந்தப் பெண் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டே நின்றார். கடைசியில், சந்தேகத்தின் பலனை அளித்து விடுதலை.

பணம் இருப்பவனுக்கு ஒரு நீதி என்று டீக்கடையில் பேசுகிறோம். நீதிபதியை விலைக்கு வாங்குவதைத்தான் மனதில் வைத்துப் பேசுகிறோம். நான் பார்த்தவரை அந்தஸ்து தன் வேலையைத் தீர்ப்புக்கு வெகு முன்னாலேயே முடித்துவிடுகிறது. இதே புகாரை ஒரு பேங்க் மேனேஜர் கொடுத்திருந்தால், வீட்டிலேயே டைப் அடித்து, ஒரு நகல் வைத்துக்கொண்டு, வக்கீலோடு போயிருப்பார். 'பழகி' என்ற சொல் உள்ளே நுழைந்திருக்காது.

அப்புறம் எஃப்.ஐ.ஆர். போடாமல், சி.எஸ்.ஆர். என்ற புகார் ரசீதை மட்டும் போட்டு அனுப்புவது. "பொம்பளைப் பிள்ளை வாழ்க்கை, யோசிச்சுக்கம்மா" என்று ஊர்ப் பெரியவர்கள் வீட்டுக்கு வருவது. பெண்ணின் தம்பி மேல் மோட்டார் திருடினான் என்று ஓர் எதிர்வழக்கு. ஒவ்வொரு வாய்தாவுக்கும் இவருக்கு ஒரு நாள் கூலி போகும். அவர்களுக்கு கார் டீசல்தான் செலவு. இப்படி இழுத்தால் சாட்சிகள் பிறழாமல் என்ன செய்வார்கள்? பாலியல் வன்கொடுமையில் சமரசத்துக்கே இடமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2015இல் சொல்லிவிட்டது. ஊர்ப் பஞ்சாயத்து கூடும் மந்தைக்கு அது இன்னும் எட்டவில்லை.

ஏழைக்கு மட்டும்தான் இப்படி என்றும் நினைக்காதீர்கள். 2021இல் ஒரு சிறப்பு டி.ஜி.பி. மேல் பாலியல் தொல்லைப் புகார் கொடுக்கச் சென்னைக்குப் போன பெண் எஸ்.பி.யின் காரையே செங்கல்பட்டுப் பக்கம் போலீஸ் மறித்தது. எஸ்.பி.! 2023இல் விழுப்புரம் நீதிமன்றம் அந்த டி.ஜி.பி.க்கு மூன்றாண்டு தண்டனை விதித்தது.

தருமபுரி மாவட்டத்து மலைக்கிராமம் வாச்சாத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். 1992 ஜூன் 20. பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவர்கள் மலைவாழ் பெண்கள், 18 பேர். எதிரே வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை. சி.பி.ஐ. வந்த பிறகுதான் வழக்கே உருப்பெற்றது. தருமபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2011இல்; அதற்குள் குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் இறந்துபோயிருந்தார்கள். உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2023இல். 31 வருஷம். அதுவும் அந்த ஊர்ச் சனம் ஒன்றாக நின்றதால் கிடைத்தது.

பட்டியல் சாதி, பழங்குடிப் பெண் என்றால் 1989ஆம் வருஷத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. டி.எஸ்.பி.தான் விசாரிக்க வேண்டும், முன்ஜாமீன் கிடையாது, குற்றம் சாட்டப்பட்டவர் ஜாமீன் கேட்டால் பாதிக்கப்பட்டவர் தரப்பையும் நீதிமன்றம் கேட்டாக வேண்டும். ஆனால் முதலில் எஃப்.ஐ.ஆரில் அந்தப் பிரிவைப் போட வேண்டுமே!

2024 ஜூலை முதல் புதுச் சட்டம். எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம். பெண் அதிகாரி எழுத வேண்டும், எழுதியதைப் படித்துக் காட்ட வேண்டும், நகல் இலவசம். இந்தப் புகாரைப் பதிய மறுக்கும் அதிகாரிக்கு ஆறு மாதம் முதல் இரண்டு வருஷம் வரை கடுங்காவல். அப்படி உள்ளே போன ஓர் அதிகாரியை நான் இன்னும் பார்த்ததில்லை, அது வேறு விஷயம். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேட்டால் போதும்.

போன வருஷம் இன்னொரு பெண்ணோடு ஸ்டேஷனுக்குப் போனேன். நான்காம் வகுப்புப் படிப்பு. பெண் எஸ்.ஐ. எழுதி முடித்து, சட்டப்படி படித்துக் காட்டினார். நான் வாயைத் திறக்கவில்லை. பாதியில் அந்தப் பெண்ணே கையை நீட்டித் தடுத்தார்.

"பழக்கம்னு போடாதீங்கம்மா. தெரியும்னு போடுங்க."

எஸ்.ஐ. அடித்துவிட்டு, மேலே எழுதினார்.