களஞ்சியத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்குள் போங்கள்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

இங்கிலாந்துக் கிராமங்களின் படங்களில் தேவாலயத்துக்குப் பக்கத்தில் மரங்கள் சூழ்ந்த ஒரு பெரிய வீடு அடிக்கடி தென்படும். அந்தப் பங்கின், அதாவது அந்தத் தேவாலயத்துக்கு உட்பட்ட ஊர்ப்பகுதியின், குருவான ரெக்டர் குடியிருந்த வீடு அது. ரெக்டரி என்பார்கள். கட்டடக் கலை பேசுகிறவர்கள் அதன் முகப்பு, சன்னல், படிக்கட்டு என்று தொடங்குவார்கள். நான் இன்று கொல்லைப்புறத்திலிருந்து தொடங்கப் போகிறேன். சுற்றியிருந்த களஞ்சியமும் தொழுவமும் புறா மாடமும் இல்லாமல் அந்த வீடு ஏன் அப்படி இருக்கிறது என்பது விளங்காது. இதை நான் உறுதியாக நம்புகிறேன்.

எடுத்துக்காட்டுக்கு லிங்கன்ஷயர் மாவட்டத்தின் எப்வொர்த் கிராமம். மெதடிஸ்தம் என்ற கிறிஸ்தவ இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1703இல் பிறந்த ஊர். 1814இல் இலங்கைக்கு வந்து பிறகு யாழ்ப்பாணத்திலும் பள்ளிகள் நடத்தினார்களே மெதடிஸ்த ஊழியர்கள், அவர்களுடைய மரபு கிளம்பிய இடம் இந்த ரெக்டரிதான்.

1607இல் இந்தச் சொத்தை அளந்து எழுதிய குறிப்பு ஒன்று இருக்கிறது. மனை ஏறக்குறைய மூன்று ஏக்கர். வீடு ஐந்து கண் கொண்டது. பாலத்துக்கு இத்தனை கண் என்று சொல்கிறோமே, அதுபோல இரண்டு மரச் சட்டகங்களுக்கு இடைப்பட்ட பகுதி ஒரு கண். சுவர் மரமும் சாந்துப் பூச்சும். கூரை வைக்கோல். மூன்று அடுக்கில் ஏழு முக்கிய அறைகள். அடுத்த வரிக்கு வாருங்கள்: மரத்தாலும் களிமண்ணாலும் கட்டிய, வைக்கோல் வேய்ந்த களஞ்சியம், ஆறு கண். சுற்றிலும் சாய்ப்பு இறக்கியிருக்கிறார்கள். ஆக, குரு குடியிருந்த வீட்டைவிடத் தானியம் குடியிருந்த கட்டடத்துக்கு ஒரு கண் கூடுதல். அப்புறம் ஒரு புறா மாடம், ஹெம்ப் என்கிற நார்ச்செடியை உலர்த்தும் சூளை ஒன்று.

களஞ்சியம் ஏன் இவ்வளவு பெரிது? ரெக்டருக்கு மாதச் சம்பளம் கிடையாது. பங்கிலுள்ள நிலங்களின் விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு, அதாவது தசமபாகம், அவருக்குச் சேர வேண்டும். விக்கர் என்ற இன்னொரு வகைக் குருவுக்குப் பெரும்பாலும் ஆட்டுக்குட்டி, கோழி, பழம் போன்ற சிறு வரவுகள்தான். தானியமும் உலர்புல்லும் ரெக்டருக்கு. அறுத்த கதிர் கட்டுக் கட்டாக வந்து இறங்கும். அதை அடுக்கி வைத்து, குளிர்காலம் முழுக்க அடித்துத் தூற்ற வேண்டும். அதற்குத்தான் அந்த ஆறு கண். இவை போக, குருவின் உரிமையில் தேவாலய நிலமும் இருக்கும். சூளைக்கும் காரணம் உண்டு: எப்வொர்த் இருக்கும் ஆக்ஸ்ஹோம் தீவு சதுப்பு சூழ்ந்த மேட்டு நிலம். ஹெம்ப்பும் ஆளியும் அங்கே முக்கியமான பயிர்கள்.

ஜானின் அப்பா சாமுவேல் வெஸ்லி 1690களில் இங்கே ரெக்டராக வந்தார். புலமை மிக்கவர், கவிஞர். விவசாயம் அவருக்குப் புதிது. தசமபாகத்தைத் தானே வசூலித்து, சிறிதாகப் பண்ணையம் தொடங்குவதற்காக 50 பவுண்டு கடன் வாங்க வேண்டியிருந்ததாக 1700இல் பேராயருக்கு எழுதினார். களஞ்சியம் இடிந்து விழுந்து, திரும்பக் கட்ட 40 பவுண்டு ஆனதையும் அதே கடிதத்தில் சொல்கிறார். 1705இல் கடனுக்காகச் சிறையிருந்தபோது, அரசியல் பகை கொண்டவர்கள் அவருடைய மாடுகளைக் கத்தியால் குத்தினார்கள். ரெக்டரை வீழ்த்த வேண்டுமென்றால் தொழுவத்தில் கைவைத்தால் போதும் என்பது ஊருக்குத் தெரிந்திருந்தது!

வைக்கோல் கூரையும் மரச் சட்டகமும் சேர்ந்தால் நெருப்புக்கு விருந்து. 1702இல் வீட்டின் பெரும்பகுதி எரிந்தது. 1709 பிப்ரவரி 9 இரவு மறுபடி தீ. எரிந்த துண்டுகள் கூரையிலிருந்து ஒரு மகளின் படுக்கையில் விழுந்தபோதுதான் விழித்தார்கள். ஐந்து வயது ஜான் மாடியிலேயே மாட்டிக்கொண்டான். பெட்டி மேல் ஏறிச் சன்னலில் நின்றான். ஏணி கொண்டுவர நேரமில்லை. ஒருவர் தோளில் இன்னொருவர் ஏறி நின்று அவனை இறக்கிய உடனே கூரை சரிந்தது, நல்லவேளையாக உள்பக்கமாக. அந்தச் சன்னல் இன்னும் கொஞ்சம் உயரத்தில் இருந்திருந்தால்? நினைக்கவே மனம் பதறுகிறது.

திரும்பக் கட்டியபோது சாமுவேல் செங்கல்லைத் தேர்ந்தெடுத்தார். செலவு சுமார் 400 பவுண்டு. ராணி ஆன் காலத்துப் பாணி: சமச்சீரான முகப்பு, அளவாக வரிசையிட்ட சன்னல்கள், மேலே பரண் தளம். இன்று நாம் பார்ப்பது இந்த வீட்டைத்தான். பார்வைக்குக் கனவான் வீடு. உள்ளேயோ வீட்டுப் பேச்சில் தானிய அறை என்றே ஓர் அறை இருந்தது. பண்ணை வெளியே போய்விடவில்லை, மாடிக்கும் ஏறியிருந்தது.

சமையலறையைத் தனியாகச் சொல்ல வேண்டும். 1711-12 குளிர்காலத்தில் சாமுவேல் லண்டனில் இருந்தபோது, அவர் மனைவி சூசன்னா ஞாயிறு மாலைகளில் அங்கே பிள்ளைகளுக்கும் வேலைக்காரர்களுக்கும் பிரசங்கம் வாசித்தார். அண்டை அயலார் சேரச் சேர, 200 பேருக்கு மேல் கூடினார்கள். நிற்க இடமில்லாமல் திரும்பியவர்களும் உண்டு. உதவிக் குரு இதைக் குறை சொல்லி எழுதினார். சூசன்னா நிறுத்தவில்லை. பல பேருக்குச் சமைக்கக் கட்டிய பெரிய அறை அது. கூட்டத்தைத் தாங்கியதும் அதனால்தான்.

சரி, இந்த அமைப்பு எப்போது கலைந்தது? 1836 சட்டம் தசமபாகத்தைப் பணமாக மாற்றியது. கதிர் வந்து இறங்குவது நின்றது, களஞ்சியத்துக்கு வேலை போயிற்று. 20ஆம் நூற்றாண்டில் திருச்சபை பழைய ரெக்டரிகளை ஏராளமாக விற்றது. எப்வொர்த் வீட்டை 1954இல் மெதடிஸ்தர்கள் வாங்கிச் செப்பனிட்டு அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். மற்ற பல ஊர்களில் வண்டிக் கொட்டகை கார் ஷெட் ஆனது, களஞ்சியம் குறுக்குச் சுவர் எழுப்பிய குடியிருப்பு ஆனது.

இங்கிலாந்துச் சட்டம் இதில் நியாயமாகவே நடந்துகொள்கிறது. பாதுகாக்கப்பட்ட கட்டடத்தின் மனைக்குள், அந்த வீட்டைச் சேர்ந்ததாக 1948 ஜூலை 1க்கு முன் கட்டிய துணைக் கட்டடங்களும் அதே பாதுகாப்புக்குள் வரும். மதில்கூடத் தப்பாது. என் மனக்குறை களஞ்சியங்களைப் பற்றியது. வெளிச்சுவரை அப்படியே காப்பாற்றி, உள்ளே தடுப்புகள் எழுப்பிவிட்டால், கண்ணுக்குக் கண் திறந்து கிடந்த அந்த நீளம் தெரியாது. எத்தனை கதிர்க்கட்டு அங்கே அடுக்கியிருப்பார்கள் என்று யாரும் நின்று பார்க்க முடியாது. மாற்றிக் கட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்வை போகும்படி நடுப்பகுதியையாவது திறந்து விடுங்கள்.