சப்பாத்துக் கழற்றாத 17 நாட்கள்

வணக்கம், அன்பான நேயர்களே.

நவம்பர் பிறந்தால் எங்கள் வீட்டுச் சமையலறையில் ஒரு ஆங்கிலக் கவிதை கேட்கத் தொடங்கிவிடும். பள்ளிக்கூடத்தில் பாடமாக்கச் சொன்னதை, நான் சோறு வடிக்கும்போது பேத்தி பக்கத்தில் நின்று சொல்லிப் பார்ப்பாள். 25 வருடத்துக்கு முன் அவளுடைய அம்மாவும் அதே இடத்தில் நின்று அதையேதான் சொன்னாள். 'பிளாண்டர்ஸ் வயல்களில்' என்ற அந்தப் 15 வரிக் கவிதையை இந்தக் கனடாவில் படித்த பிள்ளைகள் அநேகமாக எல்லாருக்கும் தெரியும், போரில் இறந்தவர்களை நினைவுகூரும் 11ஆம் திகதிவரை நாங்கள் சட்டையில் சிவப்புப் பொப்பிப் பூக் குத்திக்கொண்டு திரிவதற்கும் அதுதான் காரணம். எழுதியவர் ஒரு வைத்தியர் என்பது எனக்கு நெடுநாள் தெரியாது. தெரிந்த பிறகு, 30 வருடம் தாதியாக வேலை செய்தவளுக்கு அந்த மனிதரை விட்டு மனம் விலகவில்லை.

அவர் பெயர் ஜோன் மக்ரே. 1872இல் ஒன்ராறியோவின் குவெல்ப் நகரத்தில் பிறந்தவர். ரொறன்ரோவிலிருந்து காரில் ஒரு மணித்தியாலம் போனால் அவர் பிறந்த சுண்ணாம்புக்கல் வீடு இன்றும் இருக்கிறது, இப்போது அது ஒரு அருங்காட்சியகம். அப்பா பீரங்கிப் படை அதிகாரி, மகனுக்கும் அந்த ஆசை சின்ன வயதிலேயே தொற்றிக்கொண்டது. கூடவே ஆஸ்துமாவும் இருந்தது. 1898இல் ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் தங்கப் பதக்கத்தோடு வைத்தியப் படிப்பை முடித்து, பால்டிமோரில் பெரிய வைத்தியர் வில்லியம் ஒஸ்லர் இருந்த ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையிலும் வேலை செய்தார். ஆனால் 1900இல் தென்னாபிரிக்காவில் பிரித்தானியருக்கும் போவர் என்ற டச்சு வம்சாவளிக் குடியேறிகளுக்கும் நடந்த போவர் போருக்கு அவர் வைத்தியராகப் போகவில்லை, பீரங்கிக்காரராகப் போனார். இதை மறந்துவிடாதீர்கள், பிறகு தேவைப்படும். காயப்பட்ட ஆட்களை அங்கே கவனித்த விதத்தைப் பார்த்து அவர் கொதித்துப்போனார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

திரும்பி வந்து மொன்றியலில் நோயியல் நிபுணராக, மக்கில் பல்கலைக்கழக ஆசிரியராக நல்ல பெயர் எடுத்தார், மாணவர்களுக்கு நோயியல் பாடநூல் ஒன்றைக்கூட இன்னொருவரோடு சேர்ந்து எழுதினார். அப்படியே இருந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். 1914இல் முதலாம் உலகப் போர் தொடங்கியபோது அவருக்கு வயது 41, ஆஸ்துமாக்காரர், கல்யாணமும் இல்லை. உடனே பெயர் கொடுத்தார். கனடியப் பீரங்கிப் படைப்பிரிவு ஒன்றுக்கு வைத்தியராக, சொந்தக் குதிரை பொன்பயரையும் கூட்டிக்கொண்டு போனார்.

சரி, இனி ஈப்பருக்கு வருவோம். பெல்ஜியத்தின் பிளாண்டர்ஸ் பகுதியில் ஈப்பர் என்ற ஊர். 1915 ஏப்ரல் 22ஆம் திகதி பின்னேரம் ஜெர்மன் படை அங்கே குளோரின் வாயுவைத் திறந்துவிட்டது. மஞ்சள் பச்சை நிறத்தில் புகை தரையோடு தரையாக வந்து பிரெஞ்சுப் படை நின்ற இடத்தை மூடியது, அந்த இடைவெளியை அடைக்கப் போனவர்களில் கனடியர்கள் இருந்தார்கள், நாலு நாள் கழித்து இந்தியப் படையின் லாகூர் டிவிஷனும் அதே களத்தில் இறங்கியது. மக்ரேயின் வைத்திய இடம் என்று சொன்னால் பெரிதாக நினைக்காதீர்கள், கால்வாய்க் கரையின் அடியில் தோண்டிய ஒரு பொந்து. பங்கர் என்றால் எங்கள் சனத்துக்கு விளக்கம் தேவையில்லை. மேலே கரையில் சூடு பட்டவர்கள் சில நேரம் உருண்டு நேரே அவருடைய பொந்துக்குள்ளேயே வந்து விழுந்தார்கள் என்று அவரோடு இருந்த அதிகாரி பிறகு எழுதியிருக்கிறார்.

17 பகல், 17 இரவு. அவ்வளவு நாளும் உடுப்பு மாற்றவில்லை, சப்பாத்தைக்கூட எப்போதாவது ஒருமுறைதான் கழற்றினோம், நான் விழித்திருந்த நேரத்தில் ஒரு நிமிடம்கூட வெடிச்சத்தம் ஓயவில்லை என்று அம்மாவுக்குக் கடிதம் எழுதினார். 12 மணித்தியால இரவு வேலை முடித்து விடிய வீட்டுக்கு வந்து, வாசற்படியில் குந்தியிருந்து சப்பாத்தைக் கழற்றும்போது கால் வீங்கி அது வரமாட்டேன் என்று நிற்குமே, தாதிமாருக்கு நான் சொல்வது புரியும். எனக்கு வீடு இருந்தது, வெந்நீர் இருந்தது, அடுத்த ஷிப்டுக்கு ஆள் இருந்தார்கள். அவருக்கு இதில் ஒன்றும் இல்லை. வாயுவில் மூச்சுத் திணறுகிறவனைப் பார்த்தவரும் சின்ன வயதிலிருந்தே மூச்சுக்குத் திணறியவர்தான். இதை நினைக்காமல் அந்தக் கடிதத்தை என்னால் வாசிக்க முடிவதில்லை.

மே 2ஆம் திகதி அலெக்சிஸ் ஹெல்மர் என்ற இளம் அதிகாரி ஷெல் விழுந்து இறந்தான். வயது 22, மக்ரேயின் நண்பன். எடுக்கக் கிடைத்ததை எடுத்துச் சேர்த்து அன்றிரவே புதைத்தார்கள். மதகுரு வேறு இடத்தில் நின்றதால் பிரார்த்தனையைச் சொன்னவரும் மக்ரேதான். வைத்தியர் செய்வதற்கு அங்கே ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை. அடுத்த நாள்தான் கவிதை பிறந்தது. பக்கத்திலேயே சிலுவைகள் நாளுக்கு நாள் கூடிக்கொண்டு வந்த புதைகுழித் தோட்டம், நடுவில் பொப்பிப் பூக்கள், மேலே வானம்பாடிகள். அவை எல்லாம் கண்ணால் கண்டவை, கற்பனை இல்லை. பொப்பி விதை மண்ணுக்குள் வருடக்கணக்காகத் தூங்கும், மண்ணைக் கிளறி வெளிச்சம் பட்டால் முளைக்கும். அங்கே மண்ணைக் கிளறியவை ஷெல்லும் மண்வெட்டியும்.

ஹெல்மரின் புதைகுழி பிறகு நடந்த சண்டைகளில் தொலைந்துபோனது. ஈப்பரில் உள்ள மெனின் வாயில் என்ற நினைவுச்சின்னத்தில் புதைகுழி தெரியாத 54,000க்கும் மேற்பட்டவர்களின் பெயர்களை வெட்டியிருக்கிறார்கள், அதில் அவனுடைய பெயரும் ஒன்று. புதைத்த இடம் தெரியாத சாவு எப்படிப்பட்டது என்று இதைக் கேட்டுக்கொண்டிருக்கிற பல வீடுகளுக்குத் தெரியும்.

கவிதை 1915 டிசம்பரில் லண்டனில் 'பஞ்ச்' இதழில் பெயரில்லாமல் வந்தது. இனி நான் சொல்லப்போவது சிலருக்குப் பிடிக்காமல் போகலாம். பிள்ளைகள் மனம் உருகிச் சொல்வது முதல் இரண்டு பகுதிகளை. நாங்கள் இறந்தவர்கள், சில நாளுக்கு முன் உயிரோடு இருந்தோம், விடியலை உணர்ந்தோம், அன்பு செய்தோம் என்று இறந்தவர்களே பேசுகிற இடம் அது. மூன்றாவது பகுதி வேறு குரலில் பேசுகிறது. எதிரியோடு எங்கள் சண்டையைக் கையில் எடுங்கள், விளக்கை உங்களிடம் எறிகிறோம், நீங்கள் நம்பிக்கை துரோகம் செய்தால் எங்களுக்குத் தூக்கம் இல்லை என்கிறது. 1917இல் கனடாவில் போர்க்கடன் பத்திரம் விற்க இந்த வரிகளைச் சுவரொட்டியில் போட்டார்கள். கட்டாய ஆட்சேர்ப்பை மக்ரேயும் ஆதரித்தார். தென்னாபிரிக்காவுக்குப் போன பீரங்கிக்காரர் அவருக்குள் கடைசிவரை இருந்தார். அவரைச் சமாதானக் கவிஞர் என்று மேடையில் அறிமுகப்படுத்தும்போதெல்லாம் எனக்கு மனம் கேட்பதில்லை. அந்தப் பகுதியை ஒளிக்கத் தேவையில்லை. நண்பனைப் புதைத்த மறுநாள் எழுதியது, அதில் கோபம் இல்லாமல் இருக்குமா? என் பேத்தியிடம் மூன்றாவது பகுதியையும் சொல்லச் சொல்கிறேன், இது உனக்குச் சரியாகப் படுகிறதா என்றும் கேட்கிறேன். போன வருடம் அவள் நெடுநேரம் யோசித்துவிட்டுத் தெரியாது அம்மம்மா என்றாள்.

1915 ஜூனில் அவரைப் பீரங்கிப் பிரிவிலிருந்து எடுத்து, பிரான்சில் மக்கில் பல்கலைக்கழகம் நடத்திய மூன்றாவது கனடியப் பொது வைத்தியசாலைக்கு மாற்றினார்கள். அவருக்கு அது பிடிக்கவேயில்லை. முன்னரங்கில் ஆட்கள் குளிரில் கிடக்க நான் மட்டும் வசதியாக இருப்பதா என்று கூடாரத்திலேயே படுத்தார், உடம்பு கெட்டு, மேலிடம் உத்தரவு போட்ட பிறகுதான் உள்ளே வந்தார். முன்பு சிரிக்க வைக்கிற மனிதராக இருந்தவர் வரவர ஒதுங்கிப்போனாராம். பின்னேரங்களில் குதிரை பொன்பயரும் பொனோ என்ற நாயும்தான் துணை. ஆனால் தங்கையின் பிள்ளைகளுக்குக் குதிரையே எழுதியதுபோலக் கடிதம் எழுதி, அடியில் குளம்பு அடையாளம் போட்டு அனுப்புவார். பிரான்சின் சோம் போர்க்களத்துக் காயக்காரர் எல்லாம் வந்து நிறைந்த வைத்தியசாலையில் இருந்துகொண்டு, எப்படித்தான் அதற்கு மனம் வந்ததோ.

1918 ஜனவரியில் பிரித்தானிய முதலாம் படைக்கு ஆலோசனை வைத்தியராக நியமனம் வந்தது. ஆனால் சில நாட்களிலேயே, 28ஆம் திகதி, நியூமோனியாவும் மூளைக்காய்ச்சலும் சேர்ந்து அவரைக் கொண்டுபோய்விட்டன. பென்சிலின் கண்டுபிடிக்க இன்னும் பத்து வருடம் இருந்தது. விமெரு என்ற ஊரில் அடக்கம் செய்தார்கள். பொன்பயர் முன்னால் நடந்தது, அதன் சேணத்தில் அவருடைய சப்பாத்துகளைப் பின்பக்கம் பார்க்கத் திருப்பி மாட்டியிருந்தார்கள். அங்கே மணல் மண் என்பதால் கல்லறைக் கற்கள் எல்லாம் படுத்தபடி இருக்கின்றன.

பொப்பி உலகம் சுற்றியது அப்புறம். அமெரிக்காவில் மொயினா மைக்கேல் என்ற பெண் 1918 நவம்பரில் கவிதையை வாசித்துவிட்டு இனி எப்போதும் பொப்பி அணிவேன் என்று முடிவெடுத்தார். அன்னா கெரான் என்ற பிரெஞ்சுப் பெண்மணி அதை நாடு நாடாகக் கொண்டு போனார், 1921இல் பிரிட்டனிலும் கனடாவிலும் வழக்கமாகிவிட்டது.

இன்னொரு விஷயம். மக்ரேயின் பதக்கங்கள் 1997இல் ரொறன்ரோவில் ஏலத்துக்கு வந்தன. எங்கே போய்விடுமோ என்று எல்லாரும் பயந்துகொண்டிருந்தபோது, சீன வம்சாவளியைச் சேர்ந்த, எங்களைப்போல இந்த நாட்டுக்கு வந்து குடியேறிய ஆர்தர் லீ என்ற வியாபாரி 400,000 டொலர் கொடுத்து அவற்றை வாங்கி, குவெல்ப் வீட்டுக்கே கொடுத்துவிட்டார். அவை இப்போது அங்கேதான் இருக்கின்றன. இந்த மாதம் ஒரு சனிக்கிழமை பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஒருமுறை போய்ப் பாருங்கள்.