மூன்று வயதில் கைநழுவும் பிள்ளைகள்

அவையோர் அனைவருக்கும் வணக்கம். அரசுப் பள்ளியில் சேர்க்கை குறைகிறது, தேர்ச்சி போதவில்லை என்று இரு குறைகளையும் நாம் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். பின்னதால்தான் முன்னது விளைந்தது என்பது நம் ஊரில் பலரது எண்ணம். தொடக்கப் பள்ளியிலேயே பணிக்காலம் முழுவதையும் கழித்தவன் என்ற முறையில், நான் அதை ஏற்கவில்லை.

ஓய்வு பெறுவதற்கு முந்தைய மே மாதத்தில், நானும் உடன் பணியாற்றிய ஆசிரியையும் எங்கள் பள்ளிக்குப் பிள்ளைகளைச் சேர்க்கத் துண்டறிக்கைகளோடு தெருத்தெருவாகப் போனோம். ஒரு வீட்டுத் திண்ணையில் ஐந்து வயதுப் பையன் பழைய டை ஒன்றைச் சாட்டைபோல் சுழற்றிக்கொண்டிருந்தான். எங்களுக்கு மோர் கொடுத்த அவன் தாய், "நீங்க நல்லாத்தான் சொல்லித் தருவீங்க சார். ஆனா இவன் ரெண்டு வருசமா வேன்ல போய்ப் பழகிட்டானே" என்றார். எங்கள் பள்ளியைப் பற்றி அவர் ஒரு சொல்லும் குறை கூறவில்லை. நாங்கள்தாம் இரண்டு ஆண்டு தாமதமாகப் போயிருந்தோம்.

தனியார் பள்ளி மூன்று வயதிலேயே எல்.கே.ஜி.யில் சேர்த்துக்கொள்கிறது, நம் தொடக்கப் பள்ளியின் கதவோ ஐந்து வயதில்தான் திறக்கிறது. 2019-இல் நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இயங்கிய 2,381 அங்கன்வாடிகளில் மழலையர் வகுப்புகள் தொடங்கப்பட்டன. ஆனால் பெரும்பாலான தொடக்கப் பள்ளிகளுக்கு அந்த வாய்ப்பு வரவில்லை. 2022-இல் வந்த காலை உணவுத் திட்டமும் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கானதே. இதற்கிடையில், கல்வி உரிமைச் சட்டத்தின் 25 விழுக்காட்டு ஒதுக்கீட்டில் ஏழைக் குழந்தை தனியார் பள்ளியின் எல்.கே.ஜி.யில் சேர்ந்தால், கட்டணத்தை அரசே ஈடுசெய்ய வேண்டும். அந்தக் குழந்தைக்குக் கிடைப்பதை நான் குறை சொல்லவில்லை. தன் பள்ளியில் இல்லாத வகுப்புக்கு அரசு அடுத்த பள்ளியில் பணம் கட்டுகிறதே என்பதுதான் என் ஆற்றாமை.

இழப்பு அத்தோடு நிற்பதில்லை. ஆகஸ்ட் 1-ஆம் நாள் வருகைப் பதிவேட்டில் உள்ள தலைகளை எண்ணித்தான் ஆசிரியர் பணியிடம் முடிவாகிறது. 61 பிள்ளைகள் இருந்தால் மூன்று ஆசிரியர். 60 என்றால் இரண்டே பேர். ஒரு பிள்ளை குறைந்ததால் பணிநிரவலில், அதாவது உபரி ஆசிரியரை வேறு பள்ளிக்கு மாற்றுவதில், ஓர் ஆசிரியர் போய்விட, ஐந்து வகுப்புகளை இருவர் பார்க்கும் காட்சியைக் காணும் பெற்றோர், அடுத்த ஆண்டு வேனைத் தேடுவதில் வியப்பென்ன? சேர்க்கை சரிந்ததால் கற்பித்தல் மெலிகிறது. நாமோ அதைத் தலைகீழாகப் படிக்கிறோம்.

தேர்ச்சி விழுக்காட்டையும் இப்படியே பார்க்க வேண்டும். பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணைப் பார்த்து மேல்நிலை வகுப்புக்கு ஆள் எடுக்கும் பள்ளியையும், வந்தவரைத் திருப்பி அனுப்பாத பள்ளியையும் ஒரே பட்டியலில் வைத்து ஒப்பிடுவது எந்தக் கணக்கிலும் சேராது.

நம் ஊர் அங்கன்வாடிப் பணியாளரிடம் மூன்று வயதுப் பிள்ளைகளின் பட்டியல் இருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழு அதைப் பிப்ரவரியிலேயே வாங்கி, அந்த வீடுகளுக்குப் போகட்டும்; மழலையர் வகுப்பு வேண்டுமென்று அந்தப் பெற்றோரிடமே கையொப்பம் பெற்றுக் கல்வி அலுவலருக்கு அனுப்பட்டும். அழைத்தால் நானும் உடன் வருகிறேன்.