ரெய்ட் பாஸுக்கு அடிபடுறதா, முறை போடுறதா?

[திரை: எரிமலைக் குகை. நடுவில சிவப்பு டிராகன். சுத்திவர மூணு கில்ட். ஒருத்தரும் அடிக்கல்ல.]

1999-ல வந்த எவர்குவெஸ்ட் என்ற ஒன்லைன் கேம்ல லோர்ட் நாகஃபென் என்ற இந்த டிராகன் ஒரு ரெய்ட் பாஸ், அதாவது நிறையப் பேர் சேர்ந்து அடிச்சுக் கொல்ற பெரிய எதிரி. ஒரு சேர்வருக்கு, அதாவது கேம் உலகத்தோட ஒரு பிரதிக்கு, ஒண்ணுதான். ஒரு கில்ட் (சேர்ந்து விளையாடுற குழு) அதைக் கொன்னா, திரும்பி வர ஏறத்தாழ ஒரு கிழமை ஆகும். ஆக்கள் ஆயிரக்கணக்கில, டிராகன் கிழமைக்கு ஒண்ணு. சண்டை வராம என்ன செய்யும்?

இதுல போட்டி எப்பிடி நடக்குதுன்னு முதல்ல பார்ப்போம். ஃபைனல் ஃபான்டஸி 11 நல்ல உதாரணம். அதுல முந்தி ஃபாஃப்னிர் மாதிரி பெரிய பாஸ் செத்து 21-ல இருந்து 24 மணித்தியாலத்துக்குள்ள திரும்பி வந்துது. 21-ஆவது மணியில ஒரு வாய்ப்பு, அதுக்குப் பிறகு அரை மணிக்கொரு வாய்ப்பு, மொத்தம் 7. இன்னிக்கு இரவு 9 மணிக்குச் செத்தா, நாளைக்குப் பின்னேரம் 6-க்கும் 9-க்கும் இடையில வரும். நாளைக்கு 7 மணிக்குச் செத்தா, மறுநாள் 4-க்கும் 7-க்கும் இடையில. இப்பிடியே நேரம் முன்னுக்கு நகர்ந்து நகர்ந்து ஒரு நாள் விடியப்புறம் 3 மணிக்கு வந்து நிக்கும். அதனாலதான் பெரிய கில்ட்கள் ஷிஃப்ட் போட்டு ஆள் வச்சுது. பாஸ் கண்ணுல பட்டதும் முதல்ல அடிச்சவனுக்குத்தான் கிளெய்ம், அதாவது அதைக் கொல்ற உரிமை. அதைப் பிடிக்க பாட் (தானா விளையாடுற புரோகிராம்) ஓட்டினவங்களும் இருந்தாங்க.

[திரை: உலக வரைபடம். கொழும்பு – சிங்கப்பூர், கொழும்பு – லாஸ் ஏஞ்சலஸ் கோடுகள்.]

இந்த இடத்துலதான் கொழும்பு வெள்ளவத்தையில இருந்து விளையாடுறவருக்கு அடி விழுது. ஃபைபர்ல ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீட்டர் ஓடும். இங்க இருந்து சிங்கப்பூர் நேர்கோட்டுல 2,700 கிலோமீட்டர் அளவுல. போய் வர 27 மில்லிசெக்கன். லாஸ் ஏஞ்சலஸ் 15,000 கிலோமீட்டர், போய் வர 150. இது பௌதிகம் அனுமதிக்கிற ஆகக் குறைஞ்ச அளவு. கேபிள் நேர்கோட்டுல போறதில்ல, அதனால உண்மையான பிங் (தகவல் போய் வர எடுக்கிற நேரம்) இன்னும் கூட. என்ன பேக்கேஜ் போட்டாலும், என்ன ரவுட்டர் வாங்கினாலும் இதுக்குக் கீழ இறக்க ஏலாது. 20 மில்லிசெக்கன்ல இருக்கிற கலிஃபோர்னியாக்காரனோட கிளெய்முக்கு ஓடினா, அநேகமா அவன்தான் எடுப்பான்.

ஆனா நேரம் எங்களுக்குச் சாதகம். அமெரிக்க மேற்குக் கரையில கோடைகால இரவு 8 மணின்னா, இங்க மறுநாள் காலை 8.30. எங்கட இரவு 9 அவங்களுக்குக் காலை 8.30. அந்த நேரம் பாஸ் வந்தா அங்க பாதிப் பேர் வேலைக்கு ஓடிக்கொண்டிருப்பாங்க. ஆசிய நேரத்துல ஆள் வச்சிருக்கிற கில்ட்களுக்கு இப்பிடிப்பட்ட சேர்வர்கள்ல மவுசு இருக்கிறது இதாலதான்.

அடுத்த வழி முறை போடுறது, ரொட்டேஷன். கேட்க இலகு, நடத்துறதுதான் கரைச்சல். நேரம் எல்லாம் யூ.டி.சி-ல, அதாவது உலகப் பொது நேரத்துல, எழுதணும், இல்லாட்டி ‘இன்னிக்கு' எப்பன்னே சண்டை வரும். பாஸ் வந்ததுக்குப் பிறகு முறைக்காரருக்கு எவ்வளவு நேரம்? 90 நிமிஷம் போதும். அதுக்குள்ள இறங்காட்டி அடுத்தவருக்கு. ஒருக்கா ரெய்டுக்குப் போன முழுக் குழுவும் செத்தா இன்னொரு தரம் விடலாம், மூணாம் தரம் கிடையாது. கொன்ன பிறகு நேரம் தெரியிற மாதிரி ஸ்கிரீன்ஷாட். புதுசா சேர வாற கில்ட் முதல்ல ஒரு சின்ன பாஸையாவது தனியாக் கொன்னு காட்டணும்.

எங்க உடையும்? ஒரே ஆக்கள் ரெண்டு கில்டாப் பிரிஞ்சு ரெண்டு முறை எடுப்பாங்க. அதுக்காக கில்ட் பேரை விட்டுட்டு ஆள் பட்டியலைப் பாருங்க. பாதிக்கு மேல அதே ஆக்கள்னா ஒரே முறைதான். இன்னொண்ணு ட்ரெயின்: குகை மிருகங்கள் எல்லாத்தையும் இழுத்துக்கொண்டு வந்து முறைக்காரர்ட தலையில விடுறது. எல்லாத்தையும் விட மோசம், ஒப்பந்தத்துல சேராத ஒரு பலமான கில்ட். அது ஒண்ணு போதும், முழு ரொட்டேஷனும் படுத்துடும். கேம் நடத்துறவங்க பின்னால நிக்காட்டி முறை நீண்ட நாள் ஓடாது.

[திரை: ஒரே குகையோட பத்துப் பிரதிகள்.]

மூணாவது வழி இன்ஸ்டன்ஸ், ஒவ்வொரு குழுவுக்கும் தனிப் பிரதி. 2004-ல வந்த வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்ல மோல்டன் கோருக்கு 40 பேர் போனா, அந்த 40 பேருக்கும் தனிக் குகை. பாஸுக்குப் பஞ்சமில்ல. அதுக்குப் பதிலா லாக்கவுட் வந்துது, ஒரு கேரக்டர் கிழமைக்கு ஒருக்காத்தான் அந்த பாஸ்களை அடிக்கலாம். லாக்கவுட் இல்லாட்டி ஒரே கிழமையில எல்லாரும் எல்லாம் எடுத்து முடிச்சிடுவாங்க.

‘இன்ஸ்டன்ஸ் வந்தா போட்டி செத்துடும்'னு சொல்றவங்களோட எனக்கு உடன்பாடில்ல. அதே கேம்ல மித்திக் (ஆகக் கடினமான) ரெய்டுக்கு 20 பேர், அவரவருக்குத் தனி இன்ஸ்டன்ஸ், ஆனாலும் உலகத்துல முதல்ல யார் முடிக்கிறதுன்னு எக்கோ, லிக்விட் மாதிரி கில்ட்கள் ஓடுறதை ஊரே லைவ்ல பார்க்குது. ஒருத்தன் ஜெயிக்க மத்தவன்ட கதவைப் பூட்டத் தேவையில்ல.

கில்ட் வார்ஸ் 2 வேற பக்கம் போச்சு: திறந்த உலகம், ஆனா போதிய அளவு அடிச்ச எல்லாருக்கும் தனித்தனிப் பரிசு. 2013-ல டெகுவாட்டல் டிராகனைக் கடினமாக்கினாங்க. 15 நிமிஷம்தான் நேரம். டிராகன்ட செதில் கெட்டியாகும்போது பீரங்கியில நிக்கிறவங்கதான் அதை உடைக்கணும். பீரங்கியில வேலை தெரியாத ஒருத்தர் ஏறி நின்னா, கீழ நிக்கிற கூட்டம் எவ்வளவு அடிச்சும் சேதம் ஏறாது. சும்மா நின்னு பரிசு வாங்க வாறவங்களும் இதுல கூட.

கொழும்புல இருந்து ரெய்ட் தொடங்குறவருக்கு நான் சொல்றது: இன்ஸ்டன்ஸும் லாக்கவுட்டும் உள்ள கேமா எடுங்க, இங்கத்தை இரவுக்கு ஓடுற கில்டாப் பாருங்க, ரீசெட் நேரத்தை (லாக்கவுட் புதுசாகிற நேரம்) இலங்கை நேரத்துல குறிச்சு வையுங்க. வார்கிராஃப்ட் அமெரிக்க சேர்வருக்கு அது செவ்வாய் இரவு 8.30. அன்னிக்கு 7.30-க்கு ரெய்ட் போடாதீங்க, பாதியில ரீசெட் ஆகிடும். 9 மணிக்குப் போடுங்க.