ஃபேனை நிறுத்த வேண்டாம்

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு எந்த வாத்தியமும் வாசிக்கத் தெரியாது. வெறும் கேட்கிறவன். அதுவும் ஆம்பியண்ட் இசையை, அதாவது தாளமும் பாட்டும் முன்னால் நிற்காமல் சூழலோடு கலந்து மெதுவாக ஒலிக்கும் இசையை, கேட்கப் பழகியது பாட்காஸ்ட் புண்ணியத்தில்தான்.

முதல் தடவை கேட்க முயன்று தோற்றுப்போன கதையைச் சொல்லிவிடுகிறேன். பிரிட்டிஷ் இசைக்கலைஞர் பிரையன் ஈனோ 1970-களின் கடைசியில் வெளியிட்ட 'மியூசிக் ஃபார் ஏர்போர்ட்ஸ்' தொகுப்பை ஒரு நண்பர் கொடுத்தார். போட்டேன். தாளம் இல்லை, பல்லவி இல்லை. பாட்டு எப்போது ஆரம்பிக்கும் என்று காத்திருந்ததுதான் மிச்சம். சமையலறையிலிருந்து மனைவி, "ஃபிரிட்ஜ்ல ஏதோ சத்தம் வருதுங்க, என்னன்னு பாருங்க" என்றாள். அணைத்துவிட்டேன்.

பல மாதம் கழித்து, பஸ்ஸில் போகும்போது ஒரு பாட்காஸ்டில் அதே தொகுப்பைப் பற்றிப் பேசினார்கள். அதில் ஒரு பகுதி முழுக்க, சொல்லே இல்லாமல் "ஆ" என்று இழுக்கும் குரல்கள். ஒவ்வொன்றும் இரு முனைகளையும் ஒட்டிய தனித்தனி டேப் வளையத்தில் திரும்பத் திரும்பச் சுற்றுகிறது. ஒரு குரல் 23½ விநாடிக்கு ஒருமுறை வரும். இன்னொன்று ஏறக்குறைய 26 விநாடிக்கு, மற்றொன்று 30-க்குச் சற்றுக் குறைவாக. நீளம் ஒத்துப்போகாததால் ஒருமுறை சேர்ந்த மாதிரி மறுமுறை சேராது. எழுதி வைத்து வாசித்தது இல்லை, ஓடவிட்டு ஒதுங்கிக்கொண்டது. இதைக் கேட்டதும் வீட்டுக்குப் போய் மறுபடி போட்டேன். இந்தத் தடவை எந்தக் குரல் எப்போது திரும்புகிறது என்று காது தானாகத் தேடியது.

தம்புராதானே இது என்று யாராவது கேட்பீர்கள். இல்லை. தம்புரா பாடகருக்காகக் காத்திருக்கிறது. இங்கே யாரும் வரப்போவதில்லை.

பாட்காஸ்ட் எனக்குச் செய்த இந்தக் கைப்பிடித்துக் கூட்டிப்போகும் வேலையை முன்பு ரேடியோ செய்தது. கலிபோர்னியாவின் பெர்க்லியில் ஸ்டீஃபன் ஹில் 1973-இல் தொடங்கிய 'ஹார்ட்ஸ் ஆஃப் ஸ்பேஸ்' நிகழ்ச்சி 1983 முதல் அமெரிக்கா முழுக்க ஒலித்தது. தொடக்கத்தில் கொஞ்சம் பேச்சு, முடிவில் கொஞ்சம். நடுவே ஒன்றோடு ஒன்று கரையும் இசை. இன்றைய ஆம்பியண்ட் பாட்காஸ்ட்களும் பெரும்பாலும் அதே வழிதான். பாட்டுக் கேட்கும் செயலி தானாகப் பொறுக்கித் தருவது எனக்கு ஒத்துவரவில்லை. "தூங்குவதற்கு" என்று பெயர் வைத்து எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறது.

என்னை அதிகம் அசைத்தது பிபிசி ரேடியோ 3-க்காகப் ஒலிக்கலைஞர் பால் பர்காஸ் 2020-இல் செய்த ஆவண நிகழ்ச்சி. மின்னணு முறையில் ஒலியை உருவாக்கும் சின்தசைசர் நமக்கு சினிமா வழியாக வந்தது என்றுதான் நினைத்திருந்தேன். 1969-லேயே அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் ஒரு மூக் சின்தசைசர் இருந்திருக்கிறது! அங்கே ஒலிக்கூடம் அமைக்க உதவியவர் அமெரிக்கப் பியானோ கலைஞர் டேவிட் டியூடர். அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜின் புகழ்பெற்ற மௌனப் படைப்பை 1952-இல் முதன்முதலில் மேடையேற்றிய, அதாவது பியானோ முன் வாசிக்காமல் உட்கார்ந்திருந்த, அதே டியூடர். அந்த கேஜுக்கு, இசை மனத்தை அமைதிப்படுத்துவதற்கே என்று நியூயார்க்கில் சொல்லிக்கொடுத்தவர் இந்திய இசைக்கலைஞர் கீதா சாராபாய். அகமதாபாத் டேப்களில் அவருடைய இசையும் இருக்கிறது. எங்கே சுற்றி எங்கே வந்து நிற்கிறது பாருங்கள். 1972 வரையிலான அந்தப் பதிவுகள் பல பத்தாண்டுகள் அலமாரியில் கிடந்து, 2023-இல்தான் இசைத்தொகுப்பாக வெளிவந்தன.

சரி, பேசியது போதும். 1975-இல் ஈனோ விபத்தில் அடிபட்டுப் படுத்திருந்தபோது, பார்க்க வந்த தோழி ஒரு யாழிசைத் தட்டைக் கொடுத்துவிட்டுப் போனார். ஈனோ எப்படியோ எழுந்து அதைப் போட்டுவிட்டு வந்து படுத்த பிறகுதான் தெரிந்தது, சத்தம் மிகக் குறைவு, ஸ்டீரியோவில் ஒரு பக்கம் வேலையே செய்யவில்லை. மறுபடி எழ உடம்பில் தெம்பில்லை. மழைச் சத்தத்தோடு சேர்த்தே கேட்டார். அப்படிக் கேட்டதுதான் அவருடைய ஆம்பியண்டுக்கு வித்து.

அந்த ஏர்போர்ட் குரல்களை இப்போது போடுகிறேன், ஐந்து நிமிடம். தம்பி, வால்யூமைக் குறைத்தே வையுங்கள். ஃபேனை நிறுத்த வேண்டாம். ஜன்னலும் திறந்தே இருக்கட்டும்.