ஸ்டெல்லன்போஷ் கிளம்புமுன்: காரைக்குடியிலிருந்து ஒரு வீடியோ

[காட்சி: கானாடுகாத்தான். பெரிய வீட்டின் முகப்புத் திண்ணை. சொல்பவர் தேக்குத் தூணைத் தட்டுகிறார்.]

இந்தத் தூண் பர்மா தேக்கு, கப்பலில் வந்தது. நம்ம பக்கம் எந்தப் பெரிய வீட்டுக்குள் நுழைந்தாலும், 'இது எங்கேயிருந்து வந்தது?' என்று விருந்தாளி கேட்காமல் இருப்பதில்லை. தென்னாப்பிரிக்காவின் ஸ்டெல்லன்போஷுக்கு ஆராய்ச்சி மாநாட்டுக்குக் கிளம்புகிறவர்கள் இந்தக் கேள்வியையும் பெட்டியில் எடுத்து வையுங்கள். அங்கே நிறைய உதவும்.

[காட்சி: வரைபடம். காரைக்குடியிலிருந்து ஒரு கோடு தெற்கே நீள்கிறது.]

கேப்டவுனிலிருந்து கிழக்கே சுமார் 50 கிலோமீட்டர். நாம் பூமத்திய ரேகைக்கு 10 பாகை வடக்கே இருக்கிறோம், அவர்கள் 34 பாகை தெற்கே. அதனால் பருவம் தலைகீழ்: மே முதல் ஆகஸ்ட் வரை குளிரும் மழையும், டிசம்பரில் நல்ல வெயில். ஜூலையில் மாநாடு என்றால் ஸ்வெட்டர் இல்லாமல் போகாதீர்கள். கடிகாரம் நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்னால்.

[காட்சி: மலைச்சரிவில் வரிசை வரிசையாகத் திராட்சைக் கொடிகள்.]

ஸ்டெல்லன்போஷைச் சுற்றி ஒயினுக்கான திராட்சைத் தோட்டங்கள்தான். திராட்சைத் தோட்டம் என்றதும் நமக்குக் கம்பம் பள்ளத்தாக்குப் பந்தல்தான் ஞாபகம் வரும். தலைக்கு மேலே பன்னீர் திராட்சை தொங்கும், குனிந்துதான் நடக்க வேண்டும். ஸ்டெல்லன்போஷில் பந்தல் கிடையாது. இடுப்பு, மார்பு உயரத்தில் கம்பி கட்டி, அதில் கொடியைப் படர விட்டிருப்பார்கள். கம்பத்தில் வருஷத்துக்கு ஒரு தடவைக்கு மேல் அறுக்கிறார்கள். ஸ்டெல்லன்போஷில் ஒரே அறுவடை, பிப்ரவரி மார்ச்சை ஒட்டி. குளிர்காலத்தில் போனால் இலையெல்லாம் கொட்டி வெறும் கட்டைதான் நிற்கும். பட்டுப்போயிற்று என்று நினைத்துவிடாதீர்கள், தூங்குகிறது.

பகலில் வெயில் பழத்தில் இனிப்பை ஏற்றும். பக்கத்தில் இருக்கும் ஃபால்ஸ் விரிகுடாவின் குளிர்ந்த காற்று பிற்பகலில் வந்து அந்தச் சூட்டைத் தணிக்கும். அதனால் பழத்தின் புளிப்பு முழுவதும் போய்விடாது. ஒயினுக்கு இனிப்பு மட்டும் போதாது, புளிப்பும் நிற்க வேண்டும். ரசம் வைக்கிறவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

[காட்சி: கருப்புத் திராட்சையை இரு விரலால் நசுக்குகிறார். வடியும் சாற்றில் நிறம் இல்லை.]

பாருங்கள், பழம் கருப்பு, சாற்றில் நிறமே இல்லை. சிவப்பு தோலில்தான் இருக்கிறது. தோலோடு சேர்த்துப் புளிக்க வைத்தால் சிவப்பு ஒயின், தோலை எடுத்துவிட்டால் வெளிறிய ஒயின்.

குடிக்காதவர்கள் சங்கடப்பட வேண்டாம். ருசி பார்க்கும் மேசையில் துப்புவதற்கென்றே ஒரு பாத்திரம் வைத்திருப்பார்கள். தொழில்காரர்களே முகர்ந்து, வாயில் சுழற்றி, அதில் துப்பிவிடுவார்கள். 'வேண்டாம்' என்றாலும் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

[காட்சி: பல்கலைக்கழகத் தோட்டம். தொட்டியில் நான்கு நாற்றுகள்.]

ஆராய்ச்சிக்காரர்களுக்குப் பிடித்த கதை ஒன்று. 1925இல் ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழகப் பேராசிரியர் அப்ரஹாம் பெரோல்ட், பினோ நுவார் என்ற கொடியையும், அங்கே அப்போது ஹெர்மிடேஜ் என்று அழைத்த சின்சோ என்ற கொடியையும் மகரந்தம் கலந்து இனக்கலப்பு செய்தார். கிடைத்தவை நான்கே விதைகள். வீட்டுத் தோட்டத்தில் ஊன்றினார். சில வருஷத்தில் வேலை மாறிப் போனார், நாற்றுகளை மறந்தே போனார். காலி வீட்டைச் சுத்தம் செய்ய ஆட்கள் வந்தபோது, அந்த வழியாகப் போன ஓர் இளம் விரிவுரையாளர் நாற்றுகளை அடையாளம் கண்டு காப்பாற்றினாராம். பினோவையும் ஹெர்மிடேஜையும் கோத்து அதற்குப் பினோட்டாஜ் என்று பெயர் வைத்தார்கள். தென்னாப்பிரிக்காவுக்கே உரிய ரகம் இது. நம்ம லேபில் பழைய ஃப்ரிட்ஜைக் காலி செய்யும் நாளில் இந்தக் கதை ஞாபகம் வந்தால் நல்லது.

[காட்சி: டோர்ப் தெரு. ஓக் மரங்கள், வெள்ளைச் சுவர்கள், தெருவோர வாய்க்கால்.]

ஊர் அழகானதுதான். 1679இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் தளபதி சைமன் வான் டெர் ஸ்டெல் தன் பெயரையே வைத்து உண்டாக்கிய ஊர். சுண்ணாம்பு பூசிய வெள்ளை வீடுகள், வளைவு வளைவான முகப்பு. இங்கேதான் நம்ம கேள்வியைக் கேட்க வேண்டும்: இது எங்கேயிருந்து வந்தது, இதைக் கட்டியது யார்?

நம்ம ஊரிலிருந்து கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து வியாபாரத்துக்கு, போனவர்கள் பணத்தோடும் தேக்கோடும் திரும்பினார்கள். அங்கே கப்பலில் கொண்டுவந்தது ஆட்களை. மடகாஸ்கர், மொசாம்பிக், இந்தோனேசியத் தீவுகள், வங்காளம், அப்புறம் நம்ம சோழமண்டலக் கரை. நாகப்பட்டினமும் பழவேற்காடும் அப்போது அதே டச்சுக் கம்பெனியின் கையில் இருந்தன. கொடி நட்டதும் சுவர் எழுப்பியதும் பெரும்பாலும் இந்த அடிமைகள்தான். 1834 டிசம்பர் 1ஆம் தேதி சட்டப்படி விடுதலை வந்தது. அதற்கப்புறமும் நான்கு வருஷம் 'பயிற்சி' என்ற பெயரில் பழைய எஜமானிடமே வேலை செய்ய வைத்தார்கள்.

அவர்கள் விட்டுப்போன தடயம் பேச்சில் இருக்கிறது. ஆஃப்ரிகான்ஸ் மொழியில் வாழைப்பழத்துக்கு 'பீசாங்'. மலாயா போய் வந்த தாத்தா இருந்த வீட்டில் இந்தச் சொல் தெரிந்திருக்கும். மலாய்ச் சொல்லேதான். ஊறுகாய்க்கு 'அச்சார்'.

[காட்சி: சிறை வாசலில் கை உயர்த்தி நிற்கும் சிலை.]

நேரம் இருந்தால் பக்கத்து ஊரான பார்ல் பக்கம் போய் வாருங்கள். 1990 பிப்ரவரி 11 அன்று நெல்சன் மண்டேலா நடந்து வெளியே வந்த சிறைவாசல் அங்கேதான், திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே. டிவியில் பார்த்த பலருக்கு அது ஒயின் நாட்டில் இருக்கிறது என்று தெரியாது.

அந்த நாட்டுக்குத் தலைநகர் மூன்று: நிர்வாகம் பிரிட்டோரியாவில், நாடாளுமன்றம் கேப்டவுனில், உச்ச முறையீட்டு நீதிமன்றம் புளூம்ஃபோன்டைனில். ஆட்சி மொழிகள் 12, அதில் ஒன்று சைகை மொழி. தமிழ் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் போற்றி வளர்க்க வேண்டிய மொழிகளில் ஒன்றாக அரசியல் சாசனம் தமிழைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது.

தமிழர்களைத் தேடினால் டர்பனுக்குப் போக வேண்டும், நாட்டின் மறுகரை அது. 1860இல் மதராஸிலிருந்து ட்ரூரோ என்ற கப்பலில் கரும்புத் தோட்ட ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களின் வழியில் வந்தவர்கள் அங்கே நிறைய. இன்றும் தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறார்கள். நாம் தில்லையாடி என்று ஊர்ப்பெயர் சேர்த்துச் சொல்லும் வள்ளியம்மை பிறந்தது ஜோகன்னஸ்பர்க்கில். சிறைக்குப் போய், விடுதலையாகிச் சில நாளில், 1914இல் 16 வயதில் இறந்தார்.

[காட்சி: திண்ணையில் திறந்த பெட்டி. உள்ளே ஒரு பெரிய மூன்று முள் பிளக்.]

கடைசியாக, எல்லோரும் கேட்கிற கேள்வி: சார்ஜர் சேருமா? சேராது. லேப்டாப்பின் சின்னப் பிளக் அங்கே பல இடங்களில் பொருந்தாது. ஆனால் வீட்டில் கீஸருக்கும் ஏசிக்கும் போடுகிறோமே, அந்த உருண்டை முள் 15 ஆம்ப்ஸ் பிளக், அதன் அளவும் அவர்கள் பிளக்கின் அளவும் ஏறத்தாழ ஒன்றே. இரண்டும் பழைய பிரிட்டிஷ் அளவு. காரைக்குடி எலக்ட்ரிக்கல் கடையில் பெரிய முள்ளில் சின்ன முள் செருகும் மாற்றி கேளுங்கள். இரண்டாக வாங்குங்கள், ஒன்றை ரூம்மேட் கேட்பார்.