மலை ரயிலில் தூங்கும் குழந்தை வீட்டில் ஏன் விழிக்கிறது?

[திரையில்: மேட்டுப்பாளையம் ரயில் நிலையம், அதிகாலை]

மேட்டுப்பாளையத்தில் கத்தித் தீர்த்த குழந்தை, கல்லாறு தாண்டியதும் அம்மாவின் தோளில் சரிந்துவிடுகிறது. குகைக்குள் பெட்டியே கூச்சல் போடுகிறது, குழந்தை அசையவில்லை. குன்னூரில் வண்டி நிற்கிறது. நீராவி இஞ்சினைக் கழற்றி டீசல் இஞ்சினை மாட்டுகிறார்கள். ஆட்டம் நின்றதா? வீறிட்டு அழுகிறது!

ஊரே கத்தும்போது தூங்குவதும், வண்டி நின்றால் விழிப்பதும் என்ன நியாயம்?

வணக்கம். முதலில் அடிப்படையை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில், மூன்று மாதம் வரை நாளுக்கு 14 முதல் 17 மணி நேரத் தூக்கம். 4 முதல் 11 மாதம் வரை 12 முதல் 16. ஒன்று, இரண்டு வயதில் 11 முதல் 14. பகல் தூக்கமும் இதில் அடக்கம். பிறந்த குழந்தைக்கு இரவும் பகலும் ஒன்றுதான். உடற்கடிகாரம் ஓடத் தொடங்கவே இரண்டு மூன்று மாதம் ஆகும். அதற்குப் பகல் வெளிச்சம் உதவும். ஆகவே ஆடி மாத மூடுபனியிலும் திரைச்சீலையை விலக்கி வையுங்கள். போதும், ரயிலுக்கு வருவோம்.

[திரையில்: பல்சக்கரத் தண்டவாளம், மிக அருகில்]

ஊட்டிக்கு 46 கிலோமீட்டர். ஏறி முடிக்க ஏறத்தாழ ஐந்து மணி நேரம். பல்சக்கரம் பிடித்து ஏறும் பகுதியில், நன்றாக ஓடத் தெரிந்தவர் வண்டியை முந்திவிடலாம். அதை ரயில் என்பதைவிட, சக்கரம் வைத்த தொட்டில் என்பதே பொருத்தம் என்பது என் கட்சி.

இது வெறும் கற்பனை அல்ல. ஜப்பானின் ரிக்கென் ஆய்வு நிறுவனத்தார், அழும் குழந்தைகளை நான்கு விதமாக வைத்துப் பார்த்து 2022-இல் முடிவை வெளியிட்டார்கள். தாய் தூக்கிக்கொண்டு நடந்தால் அழுகை அடங்கியது. ஆடும் தொட்டிலிலும் அடங்கியது. ஆடாத படுக்கையில் பலிக்கவில்லை. தாய் மடியில் வைத்து உட்கார்ந்திருந்தபோதும் பலிக்கவில்லை!

எனக்கு மிகவும் பிடித்தது அடுத்த செய்தி. கீழே கிடத்தும்போது முதுகு படுக்கையில் படுவதால்தான் விழிக்கிறது என்று நினைக்கிறோம். இல்லையாம். தாயின் உடலைவிட்டு விலகத் தொடங்கும்போதே இதயத்துடிப்பு மாறிவிடுகிறது. மெத்தை பாவம், வீண்பழி சுமக்கிறது! அவர்கள் சொன்ன வழி: ஐந்து நிமிடம் சீராக நடங்கள், தூங்கியதும் ஐந்து முதல் எட்டு நிமிடம் மடியிலேயே வைத்து உட்காருங்கள், பிறகு கிடத்துங்கள். உங்கள் வீட்டு மந்திரம் என்ன? ஊர்ப் பெயரோடு கீழே எழுதுங்கள்.

தூளி கட்டிய பாட்டிகளுக்கு ஆட்டத்தின் அருமை தெரிந்திருந்தது. ஆனாலும் இரவு முழுக்கத் தூளி வேண்டாம். துணி குழிந்து தாடை நெஞ்சில் மடங்கினால் மூச்சுவழி குறுகும். உறங்கியதும் கெட்டியான, சமதளமான படுக்கையில் மல்லாக்கக் கிடத்துங்கள்.

[திரையில்: உறைபனி படர்ந்த புல்வெளி]

இனி எங்கள் மலைக்காரர்களோடு ஒரு சண்டை. மார்கழிக் குளிர் என்று குல்லா, இரண்டு ஸ்வெட்டர், மேலே கம்பளி! கைக்குழந்தை உடல் சூட்டைத் தலை வழியாகவும் வெளியேற்றுகிறது. வீட்டுக்குள் தூங்கும்போது குல்லா வேண்டாம். உங்களுக்கு இரண்டு சட்டை போதுமென்றால் அதற்கு மூன்று. உள்ளங்கை சில்லென்றிருந்தால் பதற வேண்டாம். பிடரியைத் தொட்டுப் பாருங்கள், வியர்த்திருந்தால் ஒன்றைக் கழற்றுங்கள். ஒரு வயது வரை தலையணையும் தளர்வான போர்வையும் கூடாது.

தவழ்ந்து நடக்கும் பிள்ளைகளுக்குத் தினமும் ஒரே வரிசை: சோறு, பல் துலக்கல், கதை, விளக்கணைப்பு.

கடைசியாக, குளிர்காய அறைக்குள் மூட்டிவைக்கும் கரிச்சட்டி. மூடிய அறையில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு வாசனை கிடையாது. தூங்குகிறவரை எழுப்பாமலே கொன்றுவிடும். இன்றிரவே சட்டியை வெளியே வையுங்கள். பாட்டி கோபித்தால் இந்த வீடியோவைப் போட்டுக் காட்டுங்கள், திட்டை நான் வாங்கிக்கொள்கிறேன்.